தேங்காய்ப் பாலும் பழமும் சேர்ந்த ஐஸ்கிரீம்

திருவண்ணாமலை அக்கினி ஸ்தலம் என்று பெயர் பெற்றது. சித்திரை, வைகாசி மாதங்களில் அவ்வூருக்குச் செல்வோருக்கு அப்பெயரின் பொருத்தத்தை எவரும் எடுத்துரைக்கவேண்டியதில்லை. 2,668 அடி உயரமுள்ள மலையின் பாறைகள் பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை இரவிலும் வெளியிட்டுக்கொண்டிருக்கின்றன. மலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர் பாதையில் பௌர்ணமிதோறும் ஜனங்கள் கிரிவலம் வருகிறார்கள். சித்ரா பௌர்ணமியன்று பாதை முழுவதும் ஜனத்திரளாகவே இருக்கும். இவ்வளவு பேரும் தாகத்தோடு நடக்கும் அதே காலத்தில்தான் சுற்றுவட்டாரத்து மாந்தோப்புகள் பழுக்கத் தொடங்குகின்றன, பலாவும் வருகிறது, தென்னையோ ஆண்டு முழுவதும் காய்க்கிறது. தாகம் ஓரிடத்திலும், பழம் ஓரிடத்திலுமாக நிற்கின்றன. இவ்விரண்டையும் இணைக்கும் வழிகளில் ஒன்று, தேங்காய்ப் பாலும் பழமும் சேர்த்து வீட்டிலேயே செய்யக்கூடிய ஐஸ்கிரீம்.

பழம் என்பது நெல்லைப்போல் குதிரில் கொட்டி வைத்து விலை பார்க்கக்கூடிய பொருளன்று. வியாபாரி செங்காயாகவே பறித்துக் கொண்டுபோக விரும்புகிறான். மரத்தில் நன்றாய்ப் பழுத்தது தூரப் பிரயாணத்துக்கு ஆகாதென்று கழிக்கப்படுகிறது. 2025-ஆம் ஆண்டுக் கோடையில் அண்டை ஜில்லாவாகிய கிருஷ்ணகிரியில் பெங்களூரா மாங்காயின் விலை பறிகூலிக்கும் போதாதென்று விவசாயிகள் முறையிடும் அளவுக்கு வீழ்ந்ததைப் பலரும் அறிவர். தேங்காயிலும் அளவிற் சிறியதற்கு மண்டியில் மதிப்புக் குறைவு. வியாபாரி கழித்த கனிந்த பழமும், அவன் விலை குறைத்த சிறு தேங்காயும் ஐஸ்கிரீமுக்கு எவ்விதத்திலும் குறைந்தவை அல்ல. கனிந்த பழமே இதற்கு உத்தமம். மணமும் இனிப்பும் அதில்தான் பூரணமாய் இருக்கின்றன. ஒரு தோட்டத்தின் பழம் முழுவதையும் இத்தொழில் காப்பாற்றிவிடாது. ஆயினும் கழிவாய்ப் போகும் பங்கில் ஒரு பகுதியைப் பணமாக்கும்.

இதற்கு முன் சென்றவர்கள்

பனிக்கட்டி ஒரு காலத்தில் இந்நாட்டில் கிடைத்தற்கரிய பொருளாயிருந்தது. அமெரிக்காவில் பாஸ்டன் பட்டணத்தைச் சேர்ந்த பிரெடெரிக் டூடர் என்ற வர்த்தகர், குளிர்காலத்தில் ஏரிகளில் உறைந்த பனியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி 1833-ல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். சென்னைக் கடற்கரையில் அப்பனிக்கட்டியைச் சேமிக்க 1842-ல் கட்டப்பட்ட கட்டிடமே ஐஸ் ஹவுஸ். இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் முறை வந்தபின் அவ்வியாபாரம் ஒழிந்தது. 1897-ல் சுவாமி விவேகானந்தர் தங்கிய அக்கட்டிடம் இப்போது விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது. அன்று கடல் கடந்து வந்த பொருள் இன்று சிறு பட்டணங்களிலும் விலைக்குக் கிடைக்கிறது.

சிறு முதலில் தொடங்கி இத்தொழிலில் முன்னேறியவர்களும் உண்டு. சென்னை ராயபுரத்தில் 1970-ல் ஆர். ஜி. சந்திரமோகன் என்பவர் ரூ. 13,000 முதலில் குச்சி ஐஸ் செய்யத் தொடங்கினார். பெருநகரில் போட்டி மிகுந்திருந்தமையால் வெளியூர்ச் சிறு பட்டணங்களை நாடி வியாபாரத்தை விருத்தி செய்தார். அருண் ஐஸ்கிரீம் என்பது அவருடைய தொழிலே. மங்களூரை அடுத்த முல்கி என்னும் ஊரில் ஒரு பழ வியாபாரியின் மகனாகப் பிறந்த ரகுநந்தன் காமத் 1984-ல் பம்பாயின் ஜூஹு பகுதியில் ஒரு சிறு கடை திறந்து, சீத்தாப்பழம், மாம்பழம் முதலியவற்றின் சதையையே கொண்டு ஐஸ்கிரீம் செய்து விற்றார். பின்னாளில் இளநீர் வழுக்கையும் பலாச்சுளையும் அக்கடையின் பெயர்பெற்ற வகைகளாயின. அவர் 2024-ல் காலமானார். பழத்தின் பக்குவத்தைக் கைதொட்டு அறியும் அறிவே அவர் தந்தையிடம் பெற்ற சீதனம். தோட்டக்காரருக்கு அவ்வறிவு இயல்பாகவே உண்டு என்பதை இங்கே நினைக்கவேண்டும்.

உப்பின் வேலை

வெறும் பனிக்கட்டியின் நடுவே வைத்தால் ஐஸ்கிரீம் உறையாது. பனிக்கட்டி உருகும் நிலை 0 டிகிரி சென்டிகிரேடு. சர்க்கரை கலந்த பாலோ அதற்கும் கீழே 2, 3 டிகிரி சென்றால்தான் உறையத் தொடங்கும். பனிக்கட்டியோடு கறியுப்பைக் கலந்தால் பனிக்கட்டி விரைவாய் உருகுகிறது. உருகுவதற்கு வேண்டிய உஷ்ணத்தைப் பக்கத்திலுள்ள பாத்திரத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. இவ்வாறு அக்கலவையின் நிலை பூஜ்யத்துக்குக் கீழே 21 டிகிரி வரையிலும் இறங்கக்கூடும். தெருவில் மணியடித்துக்கொண்டு வரும் குல்பி வியாபாரியின் பானைக்குள் நடப்பதும் இதுவே. 1843-ல் பிலடெல்பியாவைச் சேர்ந்த நான்சி ஜான்சன் என்ற மாது, கையால் சுழற்றும் ஐஸ்கிரீம் பொறிக்கு உரிமைப் பத்திரம் பெற்றதும் இத்தத்துவத்தைக் கொண்டே.

இதற்குப் பொடியுப்பு வேண்டாம். மரக்காணத்து உப்பளங்களிலிருந்து வரும் கல்லுப்பே போதும். பொடியுப்பு சீக்கிரம் கரைந்து அடியில் தங்கிவிடும்.

வேண்டிய சாமான்கள்

முற்றிய தேங்காய் 3. பழச்சதை 500 கிராம். சர்க்கரை 200 கிராம். கூவைக்கிழங்கு மாவு 15 கிராம். உப்பு ஒரு சிட்டிகை. உறைய வைப்பதற்குப் பனிக்கட்டி 9 கிலோவும் கல்லுப்பு 2½ கிலோவும் வேண்டும்.

தேங்காய் அன்று உடைத்ததாக இருக்கவேண்டும். கோயிலில் அர்ச்சனை செய்து பெற்ற மூடிகளையும் உபயோகிக்கலாம். ஆனால் உடைத்து அரை நாளாகிப் பிசுபிசுப்போ புளித்த வாடையோ கண்ட மூடியைத் தள்ளிவிடவேண்டும். மாம்பழம் 1 கிலோ இருந்தால் தோலும் கொட்டையும் நீக்கி 500 கிராம் சதை கிடைக்கும். பங்கனபள்ளி, அல்போன்சா, செந்தூரா ஆகியவை நாரின்றி மணமுள்ளவை. பெங்களூராவில் சதை மிகுதி, மணம் குறைவு. ஆகையால் வேறொரு ஜாதியுடன் பாதிப் பாதியாகக் கலப்பது நல்லது. நாருள்ள பழத்தைச் சல்லடையில் தேய்த்து வடித்துக்கொள்ள வேண்டும்.

செய்முறை

துருவிய தேங்காயில் காய்ச்சி ஆறிய வெதுவெதுப்பான நீர் அரை லிட்டர் விட்டுப் பிசைந்து, சுத்தமான துணியில் பிழிந்தால் சுமார் முக்கால் லிட்டர் கெட்டிப் பால் கிடைக்கும். சக்கையை இரண்டாம் முறை பிழிந்த பால் இதற்கு உதவாது. அது குழம்புக்கு ஆகும். அதில் நீர் மிகுதியாதலால் உறையும்போது பெரிய பனித்துகள்கள் உண்டாகும்.

தேங்காய்ப் பாலில் கொழுப்பு உண்டு; ஆனால் பசும்பாலைப்போல் புரதம் அதில் இல்லை. ஆகையால் கொழுப்பும் நீரும் பிரிந்து நிற்கப் பார்க்கும். இதைத் தடுக்கவே கூவை மாவு சேர்க்கப்படுகிறது. மாவைச் சிறிது பாலில் கரைத்து, மீதிப் பால், சர்க்கரை, உப்பு ஆகியவற்றோடு அடிகனமான பாத்திரத்தில் விட்டு இளந்தீயில் இடைவிடாது கிளறவேண்டும். விளிம்பில் சிறு குமிழிகள் எழுந்து, கலவை கரண்டியில் மெல்லிய ஏடாகப் படியும்போது ஏறக்குறைய 80 டிகிரி உஷ்ணம் வந்துவிட்டதென்று அறியலாம். அந்நிலையில் சில நிமிஷங்கள் வைத்து இறக்கிவிட வேண்டும். கொதிக்க விட்டால் எண்ணெய் பிரியும். காய்ச்சாமல் விட்டாலோ கிருமிகள் சாகா. கிருமிகளைக் குளிர் கொல்லாது. உறங்க மட்டுமே வைக்கும். இவ்வுண்மையை மறந்தவர்களாலேயே ஐஸ்கிரீமுக்குக் கெட்ட பெயர் ஏற்படுகிறது.

பழச்சதையைத் தனியே இதே உஷ்ணத்துக்குச் சூடாக்கி ஆறவிட்டுப் பிறகு பாலுடன் கலக்கவேண்டும். பழத்துக்குப் பழம் சில வேறுபாடுகள் உண்டு. மாவும் பலாவும் சூட்டைத் தாங்கும். பலாச்சுளையை வேகவைத்து அரைத்துக்கொள்வது நன்று. அன்னாசியைப் பச்சையாய்ச் சேர்த்தால் அதிலுள்ள ஒரு சத்து பாலின் புரதத்தைச் சிதைத்துக் கசப்பை உண்டாக்கும். ஆதலால் அதை அவசியம் வேகவைக்க வேண்டும். இதற்கு நேர்மாறானது சீத்தாப்பழம். அதைச் சூடாக்கினால் கசக்கும். ஆகையால் பழத்தை நன்றாய்க் கழுவி, சுத்தமான கையால் கொட்டை நீக்கி, குளிர்ந்த பாலில் கலந்து, அன்றே செய்து அன்றே செலவழித்துவிட வேண்டும். ஆவணி முதல் ஐப்பசி வரையில் சீத்தாப்பழம் கிடைக்கும்போது இவ்விதியை நினைவில் வைப்பது நலம்.

கலவையைப் பாத்திரத்தோடு குளிர்ந்த நீர்த் தொட்டியில் வைத்து விரைவாய் ஆற்றி, பின்பு குளிர்ப்பெட்டியிலேனும் பனிக்கட்டி நடுவிலேனும் நான்கு மணி நேரம் மூடி வைக்கவேண்டும். சூடாறாத கலவையைப் பொறியில் விடலாகாது.

உறைய வைத்தல்

கைப்பொறியில் வெளியே ஒரு மரவாளியும் உள்ளே ஒரு துருப்பிடிக்காத எஃகுக் குவளையும் இருக்கும். கலவை உறையும்போது பருக்குமாதலால் குவளையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஊற்றலாகாது. பனிக்கட்டியைச் சாக்கில் கட்டி, எலுமிச்சங்காய் அளவுக்கு மேற்படாமல் உடைத்துக்கொள்ள வேண்டும். 4 பங்கு பனிக்கட்டிக்கு 1 பங்கு உப்பு என்ற எடைக் கணக்கில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் குவளையைச் சுற்றி நிரப்பவேண்டும். இதற்கு 6 கிலோ பனிக்கட்டி செல்லும். முதல் ஐந்து நிமிஷம் மெதுவாகவும், பிறகு வேகமாகவும் சுழற்றவேண்டும். இருபது முதல் முப்பது நிமிஷத்தில் கைப்பிடி கனக்கும். அப்போது துடுப்பை எடுத்துவிட்டு, மூடியை இறுக்கி, உப்பு நீரை வடித்து, மீதிப் பனிக்கட்டி 3 கிலோவையும் உப்பு 1 கிலோவையும் கலந்து நிரப்பி, மேலே ஈரச்சாக்கும் உமியும் போட்டு மூடி இரண்டு மணி நேரம் விட்டுவைத்தால் வெட்டி எடுக்கும் பக்குவம் வரும்.

பொறி இல்லாதவர்கள் அகன்ற அண்டாவில் பனிக்கட்டியும் உப்பும் நிரப்பி, நடுவில் மூடியுள்ள தூக்குப் பாத்திரத்தை வைத்து, அதைக் கையால் இருபுறமும் திருப்பிக்கொண்டிருக்கலாம். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை மூடியைத் துடைத்துத் திறந்து, ஓரத்தில் உறைந்ததை மரக்கரண்டியால் சுரண்டி நடுவில் சேர்க்கவேண்டும். உறைபெட்டியுள்ள வீட்டில் பனிக்கட்டியும் உப்பும் வேண்டியதில்லை. அகன்ற தட்டில் ஊற்றி வைத்து, முக்கால் மணிக்கு ஒரு முறையாக மூன்று, நான்கு தடவை எடுத்து நன்றாய் அடித்து வைத்தால் போதும்.

வடித்த உப்பு நீரை வயற்காலிலோ கடலைக் கொல்லையிலோ விடலாகாது. அகன்ற தட்டுகளில் வெயிலில் வைத்தால் உப்பு மீண்டும் படியும். அடுத்த தடவைக்கு அதுவே உதவும். ஆனால் அதை ஆகாரத்தில் சேர்க்கக்கூடாது.

குற்றங்களும் காரணங்களும்

1. நாவில் மணல்போல் நறநறத்தால், மெதுவாய் உறைந்தது என்று பொருள். உப்புக் குறைவு, சுழற்சிக் குறைவு, அல்லது ஒரு முறை உருகியதை மறுபடி உறைய வைத்தது காரணமாயிருக்கலாம்.

2. கொழுப்புத் துகள் திரண்டு நின்றால், கலவை போதிய அளவு குளிருமுன் சுழற்றப்பட்டது.

3. எவ்வளவு சுழற்றியும் இறுகாவிட்டால் சர்க்கரை மிகுதி, அல்லது உப்புக் குறைவு. பழம் மிக இனிப்பாயிருந்தால் சர்க்கரையில் 30 கிராம் குறைக்கலாம்.

4. கல்லைப்போல் இறுகினால் பாலில் கொழுப்பு மிகுதி. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே தானே உறையும் தன்மையது. அடுத்த முறை கால் பங்கு பசும்பால் சேர்த்துக்கொள்ளலாம்.

5. உப்புக் கரித்தால் மூடி வழியே நீர் புகுந்துவிட்டது. அதைச் சீர்செய்ய வழியில்லை, கொட்டிவிட வேண்டியதே.

வரவு செலவு

மேற்சொன்ன கணக்கில் 60 மில்லி அளவுள்ள கிண்ணங்கள், ஒட்டுதல் சிந்துதல் போக, சுமார் 25 நிரம்பும். தேங்காய், பழம், சர்க்கரை, பனிக்கட்டி, உப்பு, எரிபொருள், கிண்ணம், இருவரின் அரை நாட்கூலி ஆகியவற்றை அவ்வவ்வூர் விலையில் எழுதிக் கூட்டி 25-ஆல் வகுத்தால் ஒரு கிண்ணத்தின் அடக்கவிலை கிடைக்கும். வீட்டுப் பழம், வீட்டுத் தேங்காய் என்று அவற்றைக் கணக்கில் விடுவது தவறு. மண்டியில் கிடைத்திருக்கக்கூடிய விலையை அவற்றுக்கும் போடவேண்டும். அவ்வாறு எழுதிப் பார்த்தால் பழத்தைவிடப் பனிக்கட்டியே செலவில் பெரும்பங்கு கொள்வதைப் பலர் காண்பர். ஆகையால் ஒரே நாளில் இரண்டு மூன்று ஈடுகளை அடுத்தடுத்து எடுப்பதே சிக்கனம். முதல் ஈட்டில் மிஞ்சிய பனிக்கட்டி அடுத்ததன் கலவையைக் குளிர்விக்கும்.

கார்த்திகைத் தீபத்துக்கு லட்சக்கணக்கான ஜனங்கள் கூடுகிறார்களென்று அத்திருநாளை நம்பி முதல் போடுவது சரியன்று. அது மழையும் குளிரும் உள்ள காலம். மாவும் இல்லை, தாகமும் குறைவு. பங்குனி முதல் ஆனி வரையிலுள்ள பௌர்ணமிகளே இப்பண்டத்துக்கு உரியவை. அவற்றுள்ளும் சித்ரா பௌர்ணமியே முதன்மையானது.

சட்டமும் சுகாதாரமும்

பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவரக் கொழுப்புச் சேர்ந்த பண்டத்தை ஐஸ்கிரீம் என்ற பெயரில் விற்பதற்குச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. ஐஸ்கிரீம் என்றால் பால் கொழுப்பு நூற்றுக்கு 10 பங்கு இருக்கவேண்டும். வீட்டில் எப்பெயரிட்டு அழைத்தாலும் குற்றமில்லை. விற்கும்போது, தேங்காய்ப் பாலில் செய்த உறைந்த இனிப்பு என்றே எழுதி வைக்கவேண்டும். இதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. பசும்பால் ஒத்துக்கொள்ளாதவர்களும், பாலை விலக்கியவர்களும் அப்பெயரைக் கண்டே வாங்குவார்கள். விற்பனைக்குச் செய்பவர் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதிவு பெற்றிருப்பதும் அவசியம்.

மீனுக்கும் பிற பொருள்களுக்கும் போடும் பனிக்கட்டி, குடிக்கத்தக்க நீரில் செய்யப்பட்டதாக இராது. அதை வேறு பிரித்தறிய 2018 முதல் நீல நிறம் ஏற்றவேண்டுமென்று உத்தரவு உண்டு. அப்படிப்பட்ட கட்டி பாத்திரத்தின் வெளியே இருக்கலாம். உள்ளே ஒரு துண்டும் விழலாகாது. குவளை, துடுப்பு, கரண்டி, துணி ஆகிய யாவும் கொதிநீரில் அலம்பப்பட வேண்டும். வயிற்றுப்போக்கோ கையில் புண்ணோ உள்ளவர் அன்று இவ்வேலையைத் தொடக்கூடாது. உருகியதை மீண்டும் உறைய வைத்து விற்பது பெருங்குற்றம். பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் வைக்கும் உறைபெட்டி இல்லாதவர் அன்றன்றைக்குச் செய்ததை அன்றன்றே தீர்த்துவிட வேண்டும்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கிண்ணங்களுக்குத் தடை உண்டு. தொன்னை, மட்பாண்டம் இவற்றோடு கொட்டாங்கச்சியும் இதற்கு ஏற்றது. வழுவழுப்பாய்த் தேய்த்துக் கொதிநீரில் இட்டு உலர்த்திய கொட்டாங்கச்சிக்குக் காசு கொடுக்கவேண்டியதில்லை.

கிராம அதிகாரிகளும் ஊராட்சித் தலைவர்களும் இதில் செய்யக்கூடியவை சில உண்டு. திருவிழாவுக்கு முன் குடிநீர்த் தொட்டியில் குளோரின் இடப்பட்டதா என்று பார்த்தல், அருகிலுள்ள பனிக்கட்டித் தொழிற்சாலை எந்த நீரை உபயோகிக்கிறது என்று விசாரித்தல், பதிவு பெறுவதற்கான மனுவை எழுதத் தெரியாத மகளிர் குழுக்களுக்கு எழுதிக் கொடுத்தல் ஆகியவை அவை. நூறு பேர் சுத்தமாய்ச் செய்திருந்தாலும் ஒருவருடைய அசுத்தத்தால் யாத்திரிகர் நோயுற்றால் அந்த நூறு பேருடைய வியாபாரமும் அன்றே கெடும்.

ஆரம்பத்தில் பெரிய ஏற்பாடு வேண்டாம். மாசி மாதத்திலேயே வாழைப்பழத்தையோ பப்பாளியையோ கொண்டு ஓர் ஈடு செய்து வீட்டார் உண்டு பார்க்கட்டும்; அன்னாசியைப் போலவே பப்பாளியையும் வேகவைத்தே சேர்க்கவேண்டும். மேலே கண்ட குற்றங்களில் எது நேர்ந்தது என்று கவனித்து, இரண்டாம் முறை திருத்திக்கொள்ளட்டும். பங்குனியில் உறவினர் வீட்டு விசேஷம் ஒன்றுக்குச் செய்து கொடுத்து, அடக்கவிலையைக் கணக்கெழுதிப் பார்க்கட்டும். அதன்பின் சித்திரை வரும்போது மாம்பழமும் வரும், ஜனங்களும் வருவார்கள். தம் வீட்டுக் குழந்தைக்குக் கொடுக்க மனம் துணியாததை யாத்திரிகருக்கு விற்பதில்லை என்ற ஒரு விதியை மட்டும் அன்றும் விடாதிருந்தால் போதும்.